காலியில் காணாத கல்

"காலிக்குப் போகிறீர்கள், கை காலியாகத் திரும்பி விடாதீர்கள்!" என்று அண்டை வீட்டு நண்பர் எம்மை வழியனுப்பி வைத்தார். சிலேடை பழையது. காலிக்குப் புறப்படும் தமிழர் எவரும் இதற்குத் தப்ப முடியாது. நாமும் மரியாதைக்குச் சிரித்து வைத்தோம். ஆனால் மாலையில் வீடு திரும்பிய வேளையில் அந்தச் சொல் எம்மைச் சற்றே உறுத்தியது. அதன் காரணத்தைச் சொல்லவே இவ்வாரம் பேனா எடுத்தோம்.

சென்ற பூரணை விடுமுறையன்று கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த சில குடும்பத்தார் ஒரு பஸ் வண்டியை அமர்த்தி, வழிகாட்டி ஒருவரையும் ஒழுங்கு செய்துகொண்டு, காலி நகரைச் சுற்றிப் பார்த்துவரப் புறப்பட்டனர். வண்டி அதிகாலையில் பொன்னம்பலவாணேசர் கோயிலடியில் கிளம்பி, வெள்ளவத்தையில் எம்மையும் வேறு சிலரையும் ஏற்றிக்கொண்டது. முப்பத்தைந்து பேர் இருந்தோம். அவருள் பத்துப் பன்னிருவர் மாணவர். மூவர் எம்மிடம் படிப்பவர்கள். தாய்மார் மடியில் இடியப்பப் பொதிகள். பிள்ளைகள் கையில் கைப்பேசிகள்.

எமக்கு முன் ஆசனத்தில் ஆச்சி ஒருவர் பேத்தியுடன் அமர்ந்திருந்தார். எங்கள் கூட்டத்தில் காலியை முன்னரே நன்கறிந்தவர் அவர் ஒருவரே. அவருடைய தந்தையார் காலிப் புகையிரத நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்தவராம். 1958 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் குடும்பத்தோடு யாழ்ப்பாணத்துக்குப் போனவர் மீளவில்லை. ஆச்சிக்கு அப்போது வயது பத்து. பின்னர் மணமுடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியும், எழுபது மைல் தொலைவிலுள்ள அந்த ஊருக்கு ஒரு முறையேனும் போய்வர அவருக்கு வாய்க்கவில்லை. அல்லது மனம் வரவில்லை. எது என்று நாம் கேட்கவில்லை.

வழிகாட்டி தென்பகுதியைச் சேர்ந்த சிங்களப் பெரியவர்; பள்ளி ஆசிரியராக இருந்து இளைப்பாறியவர். இனிய குரல், நிறைந்த படிப்பு, பிள்ளைகளிடத்தே பரிவு. ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாரானால் ஆங்கிலம் ஆறாகப் பெருகும். இடையிடையே சிங்களம் வந்து கலக்கும். தமிழ் அவருக்கு வராது. அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாமன்றோ அவரை அமர்த்தினோம்? ஆனால் ஆச்சியும், அவரையொத்த நாலைந்து முதியவர்களும் ஒலிபெருக்கியைப் பார்த்தபடி பேசாமல் இருந்தனர். பேத்தி சற்று நேரம் மொழிபெயர்த்துச் சொன்னாள். பிறகு களைத்துப் போனாள். அப்பணி எம் தலையில் விழுந்தது.

தெற்கு அதிவேகப் பாதையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. 2011 ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட நாள் முதல் காலிப் பயணம் இரண்டு மணி நேரத்துக்குள் சுருங்கிவிட்டது. ஏறியதும் இறப்பர்த் தோட்டங்கள், வயல்கள்; ஒரு தூக்கம் போட்டு விழித்தால் காலி.

ஊர்ப் பெயரிலிருந்து வழிகாட்டி தொடங்கினார். பாறையைக் குறிக்கும் 'கல' என்ற சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும், மாடுகள் தங்கும் 'கால' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உளர் என்றார். போர்த்துக்கீசர் கரையை அணுகியபோது சேவல் கூவியதாகவும், தம் மொழியில் சேவலுக்குள்ள பெயரையே ஊருக்கு இட்டதாகவும் ஒரு கதை உண்டு. கதையை நாம் நம்பவில்லை. ஆனால் ஒல்லாந்தர் நம்பினார்கள் போலும்! கோட்டையின் பழைய வாயிலில் உட்புறமாக நின்று நிமிர்ந்து பார்த்தால், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையும், இரு பக்கத்திலும் சிங்கங்களும், உச்சியில் ஒரு சேவலும், 1669 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கக் காணலாம். அதே வாயிலின் வெளிப்புறத்தே ஆங்கில அரசின் சின்னம் இருக்கிறது. வருவோர் ஆங்கிலேயருக்கும் வெளியேறுவோர் ஒல்லாந்தருக்கும் தலைவணங்கிச் செல்வதுபோன்ற ஏற்பாடு.

இந்தக் கோட்டைக்கு அடி கோலியவர்கள் போர்த்துக்கீசர். 1640 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். இன்று நாம் காணும் பெருமதில் பெரும்பாலும் அவர்கள் எழுப்பியதே. ஏறக்குறைய 130 ஏக்கர் நிலத்தை மதில் வளைத்து நிற்கிறது. நிலப்பக்கத்து மூன்று கொத்தளங்களுக்குச் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர். வீதிகளுக்கு அடியே ஒல்லாந்தர் அமைத்த கழிவுநீர்க் கால்வாய்களைக் கடலின் ஏற்றவற்றமே அலசிக் கழுவியது என்று வழிகாட்டி சொன்னபோது எம் மாணவர் வியந்தனர். கயிறு திரித்த ஒழுங்கை 'லெயின் பான்' என்ற ஒல்லாந்தப் பெயரோடு இன்றும் விளங்குகிறது. 1755 ஆம் ஆண்டில் கட்டி முடிந்த ஒல்லாந்தக் கோயிலின் தளமெங்கும் கல்லறைப் பலகைகள். மண்டை ஓட்டைச் செதுக்கிய பலகை ஒன்றின் அருகே சிறுவர் நெடுநேரம் நின்றனர். 1939 ஆம் ஆண்டின் வெளிச்சவீட்டடியில் எல்லாரும் படம் பிடித்துக்கொண்டோம். இவ்விடங்களையெல்லாம் விரித்தெழுதினால் ஏடு போதாது. வாசகர் நேரில் போய்ப் பார்ப்பதே நன்று.

ஒரு செய்தி மட்டும் கொழும்பில் வாழும் எமக்குச் சுருக்கென்று தைத்தது. பல நூற்றாண்டுகள் கப்பல்களுக்குப் புகலிடமாயிருந்த காலித் துறையின் பெருமையைக் குறைத்தது எங்கள் கொழும்பே. 1875 ஆம் ஆண்டில் கொழும்பில் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார்கள். பத்தாண்டுகளில் அது முடிந்தது. நீராவிக் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறின. காலியின் மரக்கலத் தொழிலும் வாணிகமும் மெல்ல ஒடுங்கின. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தை நம்பி எழுந்த அத்தனை கிட்டங்கிகளுக்கும் காலியிடம் ஒரு கடன் உண்டு. "நீங்கள் எங்கள் கப்பல்களைக் கொண்டுபோனவர்கள்" என்று வழிகாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார். பழைய கோட்டைக்குள் நவீன கட்டடங்கள் முளைக்காமல் போனமைக்கு அந்த நலிவும் ஒரு காரணம் என்று எமக்குத் தோன்றுகிறது. 1988 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டது.

மதிலின் மேல் நின்று அவர் 2004 டிசம்பர் 26 ஆம் நாளைப் பற்றிச் சொன்னார். அப்போது மட்டும் அவருடைய ஆங்கிலத்தின் வேகம் தணிந்தது. கோட்டை மதில் கடலைத் தடுத்து உள்ளே இருந்தோரைக் காத்தது. வெளியே புதிய பட்டினத்தில் பஸ் நிலையத்தை வெள்ளம் வாரிச் சென்றது. கிரிக்கெட் மைதானம் குளமாயிற்று. அவருடைய பழைய மாணாக்கர் இருவர் அந்தப் பஸ் நிலையத்தில் நின்றிருந்தனராம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. இதை நாம் தமிழில் எடுத்துரைத்தபோது ஆச்சி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

பிறகு கடைத்தெருவில் அரைமணி நேரம் ஓய்வு கிடைத்தது. ஆச்சியை அழைத்துக்கொண்டு நாம் ஓர் இரத்தினக்கல் கடையின் திண்ணையில் நிழலுக்கு ஒதுங்கினோம். உள்ளிருந்து தொப்பியணிந்த முதியவர் ஒருவர் வந்து, "வாங்க, உம்மா. வெயில்ல நிக்காம இப்படி இருங்க" என்றார்.

ஆச்சி திகைத்துப் போனார். காலையிலிருந்து ஒலிபெருக்கியில் ஒரு தமிழ்ச் சொல்லையும் கேளாதவர், காலிக் கோட்டையின் நடுவே தமிழைக் கேட்டார்! காலியின் முஸ்லிம் குடும்பங்களில் தமிழ் வீட்டு மொழியாக வழங்கி வருவதை நாம் நூலில் படித்திருக்கிறோம். ஆயினும் அந்த ஓசையை நேரே கேட்டபோது எமக்கும் உடல் சிலிர்த்தது. கடைக்காரர் தேநீர் வருவித்தார். விற்கும் எண்ணம் அவரிடம் காணப்படவில்லை.

"நானும் காலிதான், தம்பி. ஸ்டேசன் குவாட்டர்சிலை இருந்தனாங்கள். அப்பாக்கு அங்கை வேலை" என்றார் ஆச்சி.

"எந்தக் காலத்தில, உம்மா?"

"ஐம்பத்தெட்டு வரைக்கும்."

முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் கைப்பிள்ளை" என்று மட்டும் சொல்லி, இன்னொரு கோப்பை தேநீருக்குக் குரல் கொடுத்தார்.

வண்டிக்குத் திரும்பும் வழியில் பழைய வாயிலில் மறுபடியும் நின்றோம். எம் மாணவருள் ஒருத்தி, உயர்தர வகுப்பில் வரலாறு பயில்பவள், முத்திரைகளை மேலுங்கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சேர், வந்தவர்கள் எல்லாரும் தங்கள் அடையாளத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் எழுத்து ஒன்றுமே இந்த ஊரில் இல்லையா?"

அவள் தமிழில் கேட்டதை நாம் ஆங்கிலத்தில் வழிகாட்டியிடம் சொன்னோம். அவர் புன்முறுவல் செய்தார்.

"உண்டு. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதிய கல் இந்த ஊரில்தான் கிடைத்தது. ஆனால் அது இப்போது உங்கள் கொழும்பில் இருக்கிறது. அதன் தமிழ்ப் பகுதியை எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆங்கில நூல்களில் படித்ததைத்தான் சொல்ல முடியும். உங்கள் ஆசிரியர் உடன் வந்திருக்கிறாரே, அவரைக் கேளுங்கள்."

எல்லார் கண்களும் எம்மீது திரும்பின. "வண்டியில் சொல்கிறேன்" என்று நாம் நழுவினோம்.

புறப்படுமுன் வழிகாட்டி தம் நிரலில் இல்லாத ஒன்றைச் செய்தார். ஆச்சியின் கதையை யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வண்டியைப் புகையிரத நிலையத்தின் முன் நிறுத்தி, "பத்து நிமிடம்" என்றார். காலி நிலையத்தில் ஒரு புதுமை உண்டு. கொழும்பிலிருந்து வரும் வண்டி மேற்கொண்டு மாத்தறைக்குச் செல்ல வேண்டுமானால் வந்த வழியே பின்வாங்கித்தான் புறப்பட வேண்டும். அதற்காக எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டுவார்கள். சிறுமியாயிருந்தபோது அதைக் காணத் தானும் தம்பியும் வேலியடிக்கு ஓடுவது வழக்கம் என்று ஆச்சி பேத்திக்குச் சொன்னார். அவர்கள் குடியிருந்த வீடு எங்கேயென்று அவருக்குப் புலப்படவில்லை. மேடையில் சற்று நேரம் நின்றார். அன்று வண்டி ஒன்றும் வரவில்லை.

திரும்பும்போது பழைய காலி வீதி வழியே வந்தோம். பெரலியவில் சுனாமி நினைவிடத்தில் இறங்கி வணங்கினோம். கடல் கவிழ்த்த புகைவண்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட இடம் அது. அதன்பின் வண்டிக்குள் பேச்சு அடங்கியிருந்தது. அம்பலாங்கொடையைத் தாண்டியதும் வழிகாட்டி எழுந்து வந்து ஒலிவாங்கியை எம் கையில் தந்தார். அன்றைக்கு முதன்முறையாக அந்த ஒலிபெருக்கியில் தமிழ் ஒலித்தது.

நாம் அறிந்ததைச் சொன்னோம். சீனத்தில் மிங் வமிசத்துப் பேரரசன் யொங்லே காலத்தில், செங் ஹோ என்ற கடற்படைத் தலைவன் பெருங்கப்பல்களோடு இந்து சமுத்திரத்தில் உலாவினான். அவன் கொண்டுவந்த கல் அது. 1409 ஆம் ஆண்டு சீனத்திலேயே எழுத்து வெட்டி, கப்பலில் ஏற்றி இங்கே கொணர்ந்தார்கள். சீனப் பகுதி புத்தர்பிரானுக்குக் காணிக்கை கூறுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயினாருக்கு உரியது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைகள் நிரலாக வருகின்றன. மூன்று சமயத்தாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு! செங் ஹோ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவன் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஆனால் அவனைப் பெரிய ஞானியாக்கி விடவும் கூடாது. எல்லாத் தெய்வங்களுக்கும் சமமாகப் படைத்த அதே தலைவன், அதே பயணத்தில், இங்கிருந்த அழகேசுவரனோடு போர் தொடுத்து அவனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனான்.

தெனாவரை என்பது மாத்தறைக்கு அப்பால், இன்று தெவிநுவர என வழங்கும் தேவேந்திரமுனை. 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அரபு யாத்திரிகர் இபுன் பதூதா அங்கிருந்த பெருங்கோயிலைக் கண்டார். பொன்னாலான விக்கிரகத்துக்கு மாணிக்கங்களே கண்கள் என்றும், ஆயிரம் அந்தணரும் ஐந்நூறு ஆடல் மகளிரும் அங்கிருந்தனர் என்றும் அவர் எழுதிவைத்தார். அங்கிருந்து அவர் காலிக்கும் பின் கொழும்புக்கும் வந்தார். அந்தக் கோயிலை 1588 ஆம் ஆண்டில் போர்த்துக்கீசர் இடித்துத் தரைமட்டமாக்கினர்.

கல்லுக்கு என்ன ஆயிற்று? அதைப் பல நூற்றாண்டுகள் எவரும் தேடவில்லை. 1911 ஆம் ஆண்டில் காலி நகரிலே ஒரு மதகின் மேல் மூடுகல்லாகக் கிடந்ததை ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். எழுத்துள்ள முகம் கீழே கவிழ்ந்திருந்தது. மேலே மாட்டு வண்டிகளும் மனிதரும் போய்வந்தனர். கீழே மூன்று மொழிகள் சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இவ்வளவும் தட்டுத் தடங்கலின்றிச் சொன்னோம். எமக்கே சிறிது பெருமையாக இருந்தது. முதியவர்கள் தலையசைத்தார்கள். அப்போது அதே மாணவி எழுந்தாள்.

"தமிழ்ப் பகுதியை நீங்கள் வாசித்தீர்களா, சேர்? எழுத்து எப்படி இருக்கும்?"

ஒலிவாங்கி எம் கையிலேயே இருந்தது. இருபது ஆண்டுகளாக இக்கல்லை வகுப்பிலே கற்பித்து வருகிறோம். ஆண்டு, அரசன், மொழி, தெய்வம் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். பரீட்சைக்கு வரக்கூடும் என்று அடிக்கோடும் இடச் சொல்கிறோம். வெள்ளவத்தையில் எம் வீட்டிலிருந்து நூதனசாலைக்கு ஒரு முச்சக்கர வண்டியில் இருபது நிமிடத்தில் போய்விடலாம். நாம் அந்தக் கல்லை ஒரு நாளும் பார்த்ததில்லை.

"இல்லை, பிள்ளை. பார்த்ததில்லை" என்றோம். ஒலிபெருக்கி அதை வண்டியின் கடைசி ஆசனம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாதது அந்த ஒரு கணத்தில் எமக்கு ஆறுதலாயிருந்தது. ஆனால் எம் முகத்தைப் பார்த்தே அவர் விளங்கிக்கொண்டிருப்பார். அவரும் ஆசிரியராக இருந்தவர் அல்லவா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கூட்டத்தில் பதினொருவர் கறுவாத்தோட்டத்தில், 1877 ஆம் ஆண்டு முதல் நிற்கும் அந்த வெண்ணிறக் கட்டடத்தின் வாசலில் கூடினோம். ஆச்சியும் வந்திருந்தார். கல் நாம் எண்ணியதைவிடச் சிறியது: நாலே முக்கால் அடி உயரம், இரண்டரை அடி அகலம். தலைப்பில் இரண்டு சீன நாகங்கள் எதிரெதிரே வளைந்து கிடக்கின்றன. வலப்புறம் நெடுகச் சீனம். இடப்புறம் மேலே தமிழ். அதன் கீழே பாரசீகம், மிகவும் தேய்ந்திருக்கிறது.

முதற் பார்வையில் எமக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்பதை மறைக்க மாட்டோம். எழுத்துகள் நெருக்கமானவை, தேய்ந்தவை. அக்காலத்துக் கல்வெட்டு எழுத்தில் மெய்களுக்குப் புள்ளியை எதிர்பார்க்க இயலாது. நெடிலும் குறிலும் ஒன்றோடொன்று மயங்கும். வகுப்பில் இதையும் கற்பித்திருக்கிறோம்! கல்லின் முன்னே நின்றபோதுதான் அது எவ்வளவு தொல்லை தருவது என்று தெரிந்தது. மாணவியின் கண் எம் கண்ணினும் கூரியது. கைப்பேசியின் வெளிச்சத்தைச் சரிவாகப் பிடிக்கலாமா என்று காவலரிடம் கேட்டாள். தொடாமல் பார்ப்பதானால் சரி என்றார் அவர், சிங்களத்தில். சரிந்த ஒளியில் 'ந' தெரிந்தது. பிறகு 'ர'. மற்றோர் இடத்தில் 'ன' என்றாள் ஒருத்தி. 'ள' என்றான் ஒருவன். வழக்குத் தீரவில்லை. அரை மணி நேரத்தில் நாங்கள் ஐயமறப் படித்தவை ஐந்தாறு எழுத்துகளே. பேத்தி அவற்றைக் கொப்பியில் வரைந்துகொண்டாள்.

ஆச்சிக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார் காவலர். அவர் அதில் அமர்ந்து கல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எம்மைக் கேட்டார்:

"காலியிலை எந்த இடத்திலை, தம்பி, இதைக் கவிட்டுப் போட்டிருந்தவங்கள்?"

கிறிப்ஸ் வீதி திரும்பும் இடத்தில் ஒரு மதகில் என்று நூல்கள் கூறுவதைச் சொன்னோம். அந்தப் பெயர் அவருக்கு நினைவில்லை. வீதிகளின் பெயர் சிறு பிள்ளைகளுக்கு எங்கே தெரியும்? மழை நாட்களில் பள்ளிக்கூடம் போகும்போது மதகுகளின் மேல் ஏறித்தான் நடப்போம் என்றார். பிறகு பேத்தியின் கொப்பியை வாங்கி, அவள் வரைந்திருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சத்தமிட்டு வாசிக்கத் தொடங்கினார்.